நன்றி யாருக்குச் சொல்வது? கடவுளைப் பற்றி ஒரு கேள்வி

கரையோரம்:

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற விவாதங்களை நிறையப் படித்திருக்கிறேன். என் கேள்வி அதிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது. வேண்டுதல் பலிக்காதவர்களுக்குத்தான் நம்பிக்கை போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு வேண்டுதல் பலித்தது. அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆட்டம் கண்டது.

அம்மாவுக்கு ரத்தத்தில் நோய்த்தொற்று பரவி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். நான் சிறு வயதிலிருந்தே கடவுளிடம் மனதுக்குள் பேசிப் பழகியவன், சடங்கு சம்பிரதாயம் பெரிதாகக் கிடையாது, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. அந்த நாட்களில் வேறு வேலையே செய்யவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா பிழைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண், கிட்டத்தட்ட அதே நோய். அவளுடைய அப்பாவும் நானும் வெளியே ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்போம், அவரும் கண்ணை மூடிக்கொண்டு நான் செய்ததையேதான் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் போய்விட்டாள்.

அம்மா வீடு திரும்பியதும் நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், சொல்ல முடியவில்லை. "என் அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தாய்" என்று சொன்னால், அவர் மகளைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அவர் கேட்டதை மறுத்த ஒருவருக்குத்தான் நான் நன்றி சொல்லியாக வேண்டும். சரி, கடவுள் இதில் தலையிடவே இல்லை, மருந்து வேலை செய்தது, அம்மாவின் உடம்பு தாங்கியது என்று வைத்துக்கொண்டால் அந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடிகிறது. ஆனால் அப்போது நன்றி சொல்ல ஆளே இல்லாமல் போகிறது.

இதனால் நான் நாத்திகனாகிவிட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் இத்தனையும் இருக்கிறது என்று யோசித்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு மூலம் இருந்தே தீர வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அதை நான் நம்புகிறேன், அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் அந்த மூலத்துக்கு முகம் கிடையாது, காது கிடையாது. நான் சின்னப் பிள்ளையிலிருந்து பேசிக்கொண்டிருந்தது அதனிடம் அல்ல.

அதனால் என் கேள்வி இதுதான். தர்க்கம் கொண்டுபோய் நிறுத்துகிற கடவுளும் மனசு பேசுகிற கடவுளும் ஒன்றேதானா? ஒன்று என்பவர்கள் இரண்டையும் எந்த இடத்தில் சேர்க்கிறீர்கள்? எந்த மதத்துக்காரர் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், மதமே இல்லாதவர்கள் சொன்னாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள், விதி, முன்வினை என்று சொல்ல வேண்டாம். அந்த அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எதையும் எனக்கும் சொல்லாதீர்கள்.


விளிம்பு:

நண்பரே, அம்மா நலமானதில் மகிழ்ச்சி. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன், அதனால் என் பதில் உங்களுக்குப் பாதிதான் உதவும். இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மூலம். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் மூலத்துக்கும் வேண்டும், மூலத்துக்கு மட்டும் வேண்டாம் என்றால் அந்த விலக்கைப் பிரபஞ்சத்துக்கே கொடுத்துவிடலாமே என்பதுதான் என் நிலை. 1948இல் பிபிசி வானொலியில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கொப்பிள்ஸ்டன் என்ற பாதிரியாரும் இதைப் பற்றி விவாதித்தார்கள். பிரபஞ்சத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் வேறொன்றைச் சார்ந்தே இருக்கிறது, அப்படியானால் மொத்தமும் எதைச் சார்ந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும் என்றார் கொப்பிள்ஸ்டன். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான், என்று ரஸ்ஸல் அங்கேயே நின்றுவிட்டார். இருவரும் கடைசிவரை இடம் மாறவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த தகவல் ஒன்றுதான், கேள்வியை எங்கே நிறுத்தலாம் என்பதில்தான் வேறுபாடு. நான் ரஸ்ஸல் பக்கம், நீங்கள் கொப்பிள்ஸ்டன் பக்கம். இதில் உங்களை மாற்ற எனக்கு ஆசையும் இல்லை.

ஆனால் பெருவெடிப்பைக் கொண்டுவந்து இங்கே யாராவது ஆதாரமாகக் காட்டுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கருத்தை முன்வைத்த முன்னோடிகளில் ஒருவரான லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியலே படைப்பைச் சாட்சி சொல்வது போலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நம்பிக்கை உள்ளவரே அப்படிச் சொன்னதால் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

அடுத்தது வேண்டுதல். 2006இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. இதயத்தில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகள், மூன்று பிரிவுகள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவுகளில், பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. நிச்சயமாகப் பிரார்த்தனை நடக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59 சதவீதம். இதைச் சொல்லி யாரையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் உங்களுக்கு இது பாரத்தைக் குறைக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் நன்றாக வேண்டிக்கொண்டீர்கள், அவர் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்ற கணக்கே இங்கே கிடையாது.

நன்றி பற்றி எனக்குத் தோன்றுவது. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு ரத்தத்தில் தொற்று, உங்கள் அம்மாவுக்கு வந்தது போலத்தான். பெனிசிலினை முதன்முதலில் கொடுத்துப் பார்த்த நோயாளிகளில் அவர் ஒருவர். சில நாட்களில் நன்றாகத் தேறினார். ஆனால் உலகத்தில் அன்று இருந்த மருந்தே கொஞ்சம்தான், அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீண்டும் பிரித்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அப்படியும் போதாமல் தீர்ந்துபோனது, அவர் இறந்துவிட்டார். சில வருடங்களிலேயே அது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போதுமான அளவு தயாரானது. இதில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. மருந்து போதவில்லை, போதாததைப் போதும்படி ஆக்க மனிதர்கள் மாய்ந்து மாய்ந்து உழைத்தார்கள். என்னைக் கேட்டால் உங்கள் நன்றி அங்கே போகட்டும். ஊசி போட்ட கைக்கு, அந்த மருந்தைக் கண்டுபிடித்த முகம் தெரியாதவர்களுக்கு. அந்தப் பெண்ணின் அப்பா முன்னாலும் இதைச் சொல்லலாம், அவர்கள் அவளுக்காகவும் அதே அளவு போராடியிருப்பார்கள்.


நீள்நிழல்:

கரையோரம், உங்கள் கேள்வி பழையது, ரொம்பப் பெரியவர்கள் எல்லாம் இதே இடத்தில் சிக்கியிருக்கிறார்கள். பாஸ்கல் என்ற பிரெஞ்சுக் கணிதமேதைக்கு 1654 நவம்பர் 23 இரவில் ஓர் அனுபவம் வந்தது. அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார், 1662இல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. அதில் அவர் ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று அழைத்துவிட்டு, தத்துவவாதிகளின் கடவுள் அல்ல என்று எழுதியிருந்தார். நீங்கள் பிரித்த அதே இரண்டு. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், சேர்க்கவில்லை.

நம் பக்கமும் இதைப் பற்றி நிறைய நடந்திருக்கிறது, யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபைச் சேர்ந்த உதயணர், குடத்துக்குக் குயவன் போல உலகத்துக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்ற வழியில் கடவுளை நிறுவப் பார்த்தார். இதை மறுத்தவர்களில் ஒருவர் யார் என்றால் ராமானுஜர். கடவுளே கதி என்று வாழ்ந்தவர், வாதத்தால் கடவுளை நிறுவ முடியாது என்கிறார். உலகம் ஒரே நேரத்தில் ஒரே ஆளால் செய்யப்பட்டது என்று எப்படித் தெரியும், பல பேர் பல காலத்தில் செய்திருக்கலாமே? நாம் பார்த்த கர்த்தா எல்லாரும் உடம்போடு இருப்பவர்கள், அப்படியானால் இவருக்கும் உடம்பு வேண்டாமா? இப்படி ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எடுக்கிறார். அவருக்கு வேதம்தான் ஆதாரம், ஊகம் அல்ல. மீமாம்சகர்கள் இன்னொரு பக்கம், வேதத்தை அப்படியே ஏற்றவர்கள், ஆனால் படைத்தவன் ஒருவன் தேவையில்லை என்றவர்கள். சமணர்களும் உலகத்துக்குத் தொடக்கமே இல்லை, படைத்தவனும் இல்லை என்றார்கள். ஆகவே பக்தி ஒரு பக்கம், தர்க்கம் ஒரு பக்கம் என்று கோடு கிழிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை, பக்திமானே தர்க்கத்தை மறுத்திருக்கிறார், வேதம் ஓதியவர்களே கர்த்தாவை மறுத்திருக்கிறார்கள்.

என் சொந்த நிலை டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவுக்குப் பக்கத்தில். 1656இல் அவருடைய யூத சமூகம் அவரை விலக்கி வைத்தபோது அவருக்கு 23 வயது. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டு, கடவுளும் இயற்கையும் இரண்டல்ல என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய கடவுளுக்கு விருப்பு வெறுப்பு இல்லை, யாரையும் தேர்ந்தெடுப்பதும் இல்லை, கைவிடுவதும் இல்லை. கடவுளை நேசிப்பவன் பதிலுக்குக் கடவுள் தன்னை நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது என்பது அவர் வந்து சேர்ந்த இடம். 1929இல் ஒரு யூத மதகுரு தந்தி அடித்து உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டபோது ஐன்ஸ்டைன் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்றுதான் பதில் சொன்னார், மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் தலையிடும் கடவுளை அல்ல என்றும் சேர்த்துச் சொன்னார்.

எனக்கு இது போதுமானதாக இருக்கிறது. இரவில் வானத்தைப் பார்க்கும்போது இதெல்லாம் எதன் வெளிப்பாடோ அதன் ஒரு துளிதான் நானும் என்று உணர்வது எனக்கு ஆறுதல், அது என்னைப் பார்த்துத் திரும்பிச் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கு இது போதுமா என்று தெரியவில்லை. உங்கள் எழுத்தைப் பார்த்தால் போதாது என்றுதான் நினைக்கிறேன்.


மாலைவெயில்:

நான் வேறு மாதிரி. எனக்குக் கேட்கிற கடவுள் வேண்டும், அதை விட முடியாது, அதனால் சர்வ வல்லமையை விட்டுவிட்டேன்.

அமெரிக்க யூத மதகுரு ஹெரால்ட் குஷ்னரின் மகனுக்குச் சின்ன வயதிலேயே முதுமை வந்துவிடும் அபூர்வ நோய், 14 வயதில் 1977இல் இறந்தான். மதகுருவாக மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிவந்தவர் தன் வீட்டில் அது நடந்தபோது எதைக் கைவிடுவது என்று யோசித்து, கடவுளின் நன்மையைக் கைவிடாமல் வல்லமையைக் கைவிட்டார். கடவுள் நல்லவர், ஆனால் நோயையும் விபத்தையும் அவரால் தடுத்துவிட முடியாது, அழுகிறவர்களோடு இருப்பார், தாங்கும் பலம் தருவார். இது பலவீனமான கடவுள் என்று சொல்வார்கள். சொல்லட்டும். எல்லாம் செய்ய முடிந்தும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த ஒருவரைவிட, முடியாமல் கூடவே இருந்த ஒருவரிடம்தான் என்னால் பேச முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுள் மேல் கோபப்படுவது நம்பிக்கையின்மை என்று பலர் பயமுறுத்துகிறார்கள். வள்ளுவர் முதல் அதிகாரத்தையே கடவுள் வாழ்த்துக்குக் கொடுத்தவர். அவரேதான் 1062ஆவது குறளில், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்று இருந்தால் இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து திரிந்து கெட்டுப்போகட்டும் என்கிறார். வாழ்த்தியதும் அதே வாய், சபித்ததும் அதே வாய். நன்றி வரவில்லை என்றால் நன்றியை விடுங்கள், கோபம் வருகிறதா, அதைச் சொல்லுங்கள். பேச்சு நிற்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.


இரவுப்பணி:

தம்பி, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், ரொம்ப வருடமாக. நான் நம்பிக்கை உள்ளவள். மேலே எழுதியவர்கள் அளவுக்குப் படித்தவள் இல்லை, ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சை எனக்கு உள்ளே இருந்து தெரியும், அதனால் எழுதுகிறேன்.

கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் அந்த முகங்களைப் பார்ப்பேன். எல்லா மதத்தவரும் இருப்பார்கள், ஒன்றும் நம்பாதவர்களும் இருப்பார்கள், அந்த நேரத்தில் எல்லார் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே கருவிகளைப் பார்த்துக்கொண்டே நானும் வேண்டிக்கொள்வேன், இந்தக் கட்டிலுக்கு, அந்தக் கட்டிலுக்கு என்று பிரித்து வேண்டியது கிடையாது. காலையில் ஒரு கட்டில் காலியாக இருக்கும். கடவுள் இவரை எடுத்துக்கொண்டார், அவரை விட்டுவிட்டார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, அப்படி நினைத்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. விளிம்பு சொன்னது சரிதான், யார் பிழைப்பார் என்பதை உடம்பும் நேரமும் மருந்தும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. தொற்று எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டது, எந்தக் கிருமி, அது மருந்துக்கு அடங்குகிற கிருமியா, சிறுநீரகம் தாங்குமா. ரத்தத்தில் தொற்று பரவினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இதில் யாருடைய வேண்டுதலுக்கும் மதிப்பெண் போட இடமில்லை.

அப்படியானால் எதற்கு நன்றி என்று கேட்பீர்கள். நான் கவனித்ததைச் சொல்கிறேன். பிழைத்தவர்களின் குடும்பம் நன்றி சொல்லும், அது இயல்பு. ஆனால் இழந்தவர்களும் நன்றி சொல்வதைப் பார்த்திருக்கிறேன், எல்லாரும் அல்ல, உடனேயும் அல்ல. போனவரைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார்கள், சின்ன வயதில் அப்படிச் செய்தான், இப்படிச் சிரிப்பாள் என்று சொல்லிக்கொண்டே வந்து, எங்களுக்கு இவள் கிடைத்தாளே என்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

நீங்கள் சொல்ல முயன்று முடியாமல் போன நன்றி, தப்பித்ததற்கான நன்றி. அதற்குள் எப்போதும் தப்பிக்காத இன்னொருவர் இருப்பார், அதனால்தான் அது தொண்டையில் நிற்கிறது, நிற்பதுதான் நியாயம், அது நின்றதால்தான் உங்கள் மேல் எனக்கு மரியாதை. ஆனால் அம்மா என்று ஒருத்தி உங்களுக்கு இருந்தாள், இருக்கிறாள் என்பதற்கான நன்றி வேறு. அதற்கு யாரையும் ஒப்பிட வேண்டியதில்லை. அம்மா பிழைக்காமல் போயிருந்தாலும் அதைச் சொல்லியிருக்கலாம். அந்த அப்பாவும் தன் மகளைப் பற்றி என்றாவது அதையே சொல்ல முடியும். ஆனால் அது அவராகச் சொல்ல வேண்டியது, நாம் போய் அவருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடாது, அதில் கவனமாக இருங்கள். அவருடைய தொடர்பு இருந்தால் ஒரு தடவை பேசுங்கள், கடவுளைப் பற்றி வேண்டாம், அந்தப் பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நாளில் எல்லாரும் அவள் பெயரைச் சொல்வதையே தவிர்க்க ஆரம்பித்துவிடுவார்கள், பெற்றவர்களுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

என் கடவுள் எனக்குத் தருவது முடிவுகளை அல்ல. நள்ளிரவில் களைத்துப்போய் நிற்கும்போது அடுத்த நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க, அவர் கையைத் துடைக்க ஒரு மென்மை வருகிறதே, அது என்னுடையது மட்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.


விளிம்பு:

இரவுப்பணி அக்கா, நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். தப்பித்ததற்கான நன்றி, இருந்ததற்கான நன்றி, இந்தப் பிரிவினையை நான் யோசித்ததில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இருந்ததற்கு மகிழ்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் அங்கேயே நிற்கக்கூடாது? எதிரே ஒருவரை ஏன் வைக்க வேண்டும்? மகிழ்ச்சிக்கு முகவரி தேவையில்லையே. அந்த மென்மை உங்களுடையதுதான் என்று நான் நினைக்கிறேன், அதை இன்னொருவர் கணக்கில் எழுதுவது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயமாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கல். எதிரே ஒருவர் இருக்கிறார், அவர் நல்லவர் என்றால், உண்மையாகத் தேடுகிறவர்களுக்காவது தெரியும்படி இருக்க வேண்டாமா? கரையோரம் எத்தனை வருடம் பேசியிருக்கிறார். ஷெல்லன்பெர்க் என்ற கனடியத் தத்துவவாதி 1993இல் இதை ஒரு முழு வாதமாகவே வைத்தார், உறவை விரும்புகிற கடவுள் என்றால் அந்த உறவை மறுக்காதவர்களுக்கு அவர் மறைந்திருக்கக் காரணம் இல்லை என்று. துன்பத்தைவிட எனக்கு இந்த வாதம்தான் வலுவாகப் படுகிறது.


இரவுப்பணி:

முகவரியை நான் தேடிப்போய் எழுதவில்லை தம்பி. நன்றி வரும்போதே யாரையோ நோக்கித்தான் வருகிறது, என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. இது நிரூபணம் அல்ல என்று தெரியும். மறைந்திருப்பது பற்றி, அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது படித்தேன். பல பத்தாண்டுகள் கடவுள் இல்லாதது போன்ற வெறுமையில்தான் அவர் இருந்திருக்கிறார். உங்களைப் பொறுத்தவரை அது உங்கள் வாதத்துக்குச் சாட்சி. எனக்கோ, உணர்வு வற்றிப்போன பிறகும் ஒருவர் அதே திசையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது என்பது பெரிதாகப் பட்டது. கரையோரத்துக்கு இப்போது இருப்பது அந்த வெறுமையாக இருக்கலாம், வெறும் இன்மையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.


கரையோரம்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அதனால்தான் தாமதம்.

மாலைவெயில், கோபம் பற்றிச் சொன்னது எனக்கு உடனே உதவியது. நீள்நிழல், நீங்கள் யூகித்தது சரி, ஸ்பினோசா எனக்குப் போதவில்லை. பதிலுக்கு நேசிக்க வேண்டாம், காப்பாற்ற வேண்டாம், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த மூலத்துக்கு நான் இருப்பது தெரியுமா, அந்தப் பெண் இருந்தது தெரியுமா? அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். தெரியும் என்றால் என்னால் பேச முடியும், பதில் வராவிட்டாலும் பேசுவேன். தெரியாது என்றால் நான் கல்லிடம் பேசுகிறேன்.

அக்கா, நீங்கள் சொன்ன நன்றியைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வந்தது. யாருக்கு என்று கேட்டுக்கொள்ளாமல் சொன்னேன். அது பக்தியா வேறு எதுவுமா என்று இப்போதைக்குப் பெயர் வைக்கப் போவதில்லை.

நீள்நிழலுக்கு ஒரு கேள்வி. மூலம் உண்டு என்பதிலிருந்து மூலத்துக்கு அறிவு உண்டு என்பதற்குப் போக யாராவது வழி சொல்லியிருக்கிறார்களா?


நீள்நிழல்:

சொல்லியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தமிழில் பன்னிரண்டே சூத்திரங்களில் சைவ சித்தாந்தத்தை வகுத்தபோது முதல் சூத்திரமே இங்கேதான் தொடங்குகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது, தானாக அப்படிச் செய்ய அதற்கு அறிவு இல்லை, ஆகவே அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்று அந்த மரபு விரித்துச் சொல்லும். இங்கே பலவீனமான இடம் "அறிவு இல்லாதது தானாகச் செயல்படாது" என்பது. டார்வினுக்குப் பிறகு, 1859க்குப் பிறகு, யாரும் திட்டமிடாமலேயே சிக்கலான வடிவங்கள் உருவாகும் ஒரு வழி நமக்குத் தெரியும், அதனால் அந்தப் படி முன்போல உறுதியாக இல்லை.

எனக்குக் கொஞ்சம் வலுவாகத் தெரிகிற வழி வேறு. அறிகிறவர்கள் இந்த உலகத்தில் வந்திருக்கிறார்கள், நீங்கள், அந்தப் பெண், அவள் அப்பா. எதிலிருந்து இவர்கள் வந்தார்களோ அதில் அறிவதற்கான ஏதோ ஒன்று எந்த வடிவிலாவது இல்லாமல் எப்படி வரும்? விளிம்பு இதற்கு உடனே பதில் வைத்திருப்பார், ஹைட்ரஜனிலும் இல்லை ஆக்சிஜனிலும் இல்லை, தண்ணீரில் மட்டும் ஈரம் இருக்கிறது என்று. நியாயமான பதில்தான். ஆனால் ஈரம் எப்படி வருகிறது என்று மூலக்கூறுகளை வைத்து நம்மால் விளக்க முடிகிறது, ஒரு மூளைக்குள் வலி வலிப்பது ஏன் என்று அதே மாதிரி விளக்க இன்னும் முடியவில்லை. அந்த இடைவெளி ஒரு நாள் மூடப்படலாம். மூடப்படும்வரை, மூலத்துக்கு அறிவு உண்டு என்பது முட்டாள்தனமான எண்ணம் இல்லை, அவ்வளவு தூரம் என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். அதற்கு உங்களைத் தனியாகத் தெரியும் என்பது வரை இந்த வழி போகாது. அந்தக் கடைசி அடியை ராமானுஜரும் பாஸ்கலும் வாதத்தால் எடுத்து வைக்கவில்லை.


விளிம்பு:

ஆமாம், தண்ணீரைத்தான் சொல்லியிருப்பேன். மூளை பற்றிய இடைவெளியை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அங்கே மூலத்தைக் கொண்டுவந்து நிரப்பினால் அது எப்படி அறிகிறது என்ற அடுத்த கேள்வி அப்படியே நிற்கும். கரையோரம், தெரியாத இடத்தில் பேசாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அப்பாவோடு பேசினால் மட்டும், அவர் அனுமதித்தால், இங்கே வந்து சொல்லுங்கள்.


கரையோரம்:

எண் இருக்கிறது. நாளை சாயங்காலம் கூப்பிடுகிறேன்.